கடைசியாகக் கதைத்தது

புதிய பதிப்பு வியாழன் இரவு வந்தது.
கொம்பனித்தெரு, ஏழாம் மாடி,
ஏசியை நிறுத்தியதும் வியர்க்கும் கண்ணாடி.
பர்ஹானா மாற்றங்களை வாசித்தாள்
ஒரு கையில் மீன் ரோல்ஸ்,
எண்ணெய் படாத சுண்டுவிரலால் திரையைத் தள்ளித் தள்ளி.

முதலில் நேரம்.
இதுவரை எங்கள் கால்வாய்கள் எல்லாம்
கொழும்புக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால்தான் ஓடின.
நள்ளிரவில் தெமட்டகொடையில் தண்ணீர் ஏறினால்
மாலை ஆறரை என்றது பலகை.
கூட்டிக் கூட்டியே பழகி
வீட்டுக் கடிகாரத்திலும் ஒருநாள் கூட்டிப் பார்த்துப்
பதறி எழும்பியிருக்கிறேன்.
இனிக் கூட்ட வேண்டாம்.
கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது.

அடுத்தது நிழல்.
கருவியின் தொடர்பு அறுந்தாலும்
அதன் கடைசிச் சொல்லை மேகம் மறக்காது.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்:
இப்படி இருக்கிறேன் என்று அது சொன்னது,
இப்படி இரு என்று நாங்கள் எழுதியது.
இரண்டும் ஒத்துவந்தால் பச்சை.
"இதை என்ர மாமியாருக்கும் பூட்டலாமா?"
சிரித்தோம்.
அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தோம்.
முப்பது நாள் வாய் திறக்காத கருவி
தானாகவே ஓய்வுபெறும்.
சாவி அழியும். பட்டியலில் இருந்து பெயர் நீங்கும்.
பிறகு வந்து கதவைத் தட்டினாலும்
மேகத்துக்கு அதைத் தெரியாது.
இந்த வசனத்தை வேறெங்கோ,
வேறு மொழியில், வேறு முத்திரையோடு
வாசித்த மாதிரி இருந்தது எனக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு கருவிகளில் ஒன்று மட்டும் சாம்பல்.
கிருலப்பனைப் பாலத்தடி, இலக்கம் பதினேழு.
கடைசியாகக் கதைத்து இருபத்தெட்டு நாள்.
நீர்மட்டம் அறுபத்திரண்டு, மின்கலம் ஒன்பது வீதம்.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பேசு என்று நாங்கள்,
அறுபத்திரண்டு என்று அதன் நிழல்.
இடையில் இரண்டு பெருமழை.

சனிக்கிழமை ஓட்டோ பிடித்தேன்,
சம்பளத்துக்குள் வராத பயணம்.
பாலத்தடியில் கறுத்த தண்ணீர்.
ஒரு கபரகொயா கரையேறி என்னைப் பார்த்து
அவசரமில்லாமல் திரும்பிப் போனது.
கம்பம் இருந்தது. பெட்டி இருந்தது.
பெட்டியையும் சூரியத் தகட்டையும் சேர்த்து மூடி
ஒரு துணிக்கடைப் பை,
தடித்த, நல்ல பை,
இரட்டை முடிச்சு,
முடிச்சுக்கு மேல் சைக்கிள் ரியூப் சுற்று.

கரையில் ரயர் ஒட்டும் கடை.
வெளியே வந்தவர் சுமனதாச.
சிங்களத்தில் சொன்னார்:
மழையில் நனைந்துகொண்டு நின்றது,
சின்ன வெளிச்சம் மட்டும் மினுக்கி மினுக்கி,
பார்க்க ஒருத்தரும் வரவில்லை.
நான்தான் கட்டிவிட்டேன்.
என் சிங்களத்தில் 'வெயில் வேண்டும்' வந்தது.
'உபகாரம்தான், ஆனாலும்' வரவில்லை.
முடிச்சை அவரே அவிழ்த்தார்.
ரியூப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார்,
துணிக்கடைப் பையை உதறி என்னிடம் தந்தார்.

அவர் கடை வாங்கில் இரண்டு மணித்தியாலம், இரண்டு பிளேன்டீ.
பதினொன்று நாற்பதுக்கு, கொழும்பு நேரப்படி,
கைபேசி அதிர்ந்தது.
பதினேழு: எழுபத்தொன்று.
அவருக்குக் காட்டினேன். தண்ணீரை எட்டிப் பார்த்து
சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்.

செயலிழந்த காரணம் கேட்டது புதிய படிவம்.
மின்கலம், சிக்னல், திருட்டு, வெள்ளம்.
'மற்றவை'யைத் தொட்டு
நனையும் என்று ஒருவர் மூடினார் என எழுதினேன்.
பர்ஹானா உடனே அழைத்தாள்.
"இதென்னடி விபரம்? மின்கலம் என்று போடு."
போட்டேன்.
பை என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

திங்கள் பின்னேரம் வானம் உடைந்தது.
எண்பது. எண்பத்தொன்பது. நூற்றிரண்டு.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
நனைந்து நனைந்து சொல்லிக்கொண்டிருந்தது.